எளிதில் சிவக்கும் சருமத்துக்கு வீட்டுச் சோப்பு

குளித்து வந்ததும் கன்னம் இழுக்கிறது, முழங்கை மடிப்பில் அரிக்கிறது, குழந்தையின் கழுத்தோரம் சிவந்துபோகிறது. இப்படி அவதிப்படுகிற வீடுகளில் சோப்பு காய்ச்சலாம் என்று முடிவெடுத்ததுமே, “என்னென்ன சேர்க்கலாம்?” என்ற கேள்விதான் முதலில் வரும். வேப்பிலை, குப்பைமேனி, சந்தனம், பால், தேன் என்று பட்டியல் நீளும். ஆனால் சோப்பின் மென்மையைத் தீர்மானிப்பவை மூன்று: எந்த எண்ணெய் என்பது, கிராம் பிசகாத எடை, பொறுமையாகக் காயவிடும் வாரங்கள். எளிதில் சிவக்கும் சருமத்துக்கு, சேர்ப்பதைவிட விடுவதில்தான் கவனம் வேண்டும்.

1. சோப்பு என்றாலே காரத்தன்மை உண்டு. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வினைபுரிந்து சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. நன்றாகச் செய்த சோப்பின் பிஎச் அளவும் 9 முதல் 10 வரை இருக்கும். நம் சருமத்தின் அளவு ஏறக்குறைய 5. “வீட்டிலேயே பிஎச் 5.5 சோப்பு” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த அளவுக்கு அமிலம் சேர்த்தால் சோப்பு பிரிந்து மறுபடி கொழுப்பு அமிலமாகிவிடும். கரப்பான் முற்றி வெடிப்பும் நீர்க்கசிவும் இருப்பவர்களுக்கு, சிண்டெட் எனப்படும் சோப்பில்லாக் கட்டியைத் தோல் மருத்துவர் எழுதித் தருவதற்குக் காரணம் இந்தக் காரத்தன்மைதான். வறண்ட சருமம், வாசனைக்கு அரிக்கும் சருமம் ஆகியவற்றுக்குத்தான் வீட்டுச் சோப்பு. அதை மருந்தாக நினைக்கக் கூடாது.

2. அப்படியானால் வீட்டில் செய்வதால் என்ன லாபம்? பெரிய ஆலைகள் பலவற்றில் கிளிசரினைப் பிரித்தெடுத்துத் தனியாக விற்றுவிடுவார்கள். வீட்டுச் சோப்பில் அது அப்படியே தங்கும். வினைபுரியாத கொஞ்சம் எண்ணெயையும் வேண்டுமென்றே மிச்சம் வைக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்பது கடைசித் துளி வரை நமக்குத் தெரியும்.

3. தேங்காயெண்ணெய் இல்லாமல் நுரை இல்லை. ஆனால் அளவு மீறினால் அதே எண்ணெய் சருமத்தை வறட்டும். அதில் பாதிக்கு அருகில் இருப்பது லாரிக் அமிலம். அதிலிருந்து வரும் சோப்பு கட்டியாக இருக்கும், பொங்கி நுரைக்கும், அழுக்கோடு சருமத்தின் இயற்கை எண்ணெயையும் துடைத்தெடுத்துவிடும். வறண்ட சருமத்துக்கு மொத்த எண்ணெயில் 25 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். மரச்செக்கு எண்ணெயைச் சோப்பில் கொட்டுவதும் வீண். அதைத் தலைக்கும் சமையலுக்கும் வைத்துக்கொண்டு சோப்புக்குச் சாதாரண எண்ணெயை எடுங்கள்.

4. பெரும்பங்கு ஆலிவ் எண்ணெய்க்கு. அதில் ஓலியிக் அமிலம் அதிகம். நுரை குறைவாக, வழுவழுப்பாக வரும், இழுக்காது. மத்தியதரைக் கடலோர நாடுகள் பல நூற்றாண்டுகளாக இதைத்தான் நம்பியிருக்கின்றன. பாலஸ்தீனத்தின் நாப்ளஸ் நகரத்துச் சோப்பு ஆலிவ் எண்ணெய், தண்ணீர், காரம் மூன்றே பொருளில் ஆனது. சிரியாவின் அலெப்போ சோப்பில் ஆலிவோடு லாரல் எண்ணெய் சேரும். மாதக்கணக்கில் காற்றில் அடுக்கிக் காயவைத்த பிறகே விற்பனைக்கு வரும். இந்த இரண்டு கைத்தொழில்களையும் யுனெஸ்கோ 2024இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. விலையுயர்ந்த ‘எக்ஸ்ட்ரா வர்ஜின்’ தேவையில்லை. ‘போமேஸ்’ என்று எழுதிய மலிவான ஆலிவ் எண்ணெயே போதும். அது சீக்கிரம் கெட்டிப்படவும் செய்யும்.

5. ஆமணக்கெண்ணெய் 5 சதவீதம். தேங்காயெண்ணெயின் நுரை சட்டென்று அடங்காமல் இது பிடித்து வைக்கும். 10 சதவீதத்தைத் தாண்டினால் சோப்பு பிசுபிசுக்கும்.

6. ஆலிவ் கட்டுப்படியாகவில்லை என்றால் அதில் ஒரு பகுதியைத் தவிட்டெண்ணெயாலோ நல்லெண்ணெயாலோ ஈடுகட்டலாம். ஆனால் எண்ணெய் மாறினால் காஸ்டிக் சோடாவின் அளவும் மாறும் (குறிப்பு 9). சூரியகாந்தி எண்ணெய் அதிகமானால் சோப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடித்து, ஆரஞ்சு நிறப் புள்ளி விழும். பலகாரம் சுட்டு மீந்த எண்ணெய் பாத்திரம் துலக்கும் சோப்புக்கு ஆகும், உடம்புக்கு ஆகாது.

7. தொடங்குபவர்களுக்கு ஓர் அளவு:
ஆலிவ் எண்ணெய் 350 கிராம், தேங்காயெண்ணெய் 125 கிராம், ஆமணக்கெண்ணெய் 25 கிராம், காஸ்டிக் சோடா 68 கிராம், தண்ணீர் 136 கிராம். எண்ணெயில் 7 சதவீதம் வினைபுரியாமல் மிஞ்சும்படி இந்தக் கணக்கு. 100 கிராம் அளவில் சுமார் 7 கட்டிகள் கிடைக்கும். மணமும் நிறமும் இல்லாமல், தந்த வெள்ளையில் இருக்கும். முதல் முறை இதில் எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

8. எல்லாமே எடைதான், தண்ணீர்கூட. டம்ளரும் கரண்டியும் இங்கே உதவாது. 1 லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். லிட்டர் கணக்கில் ஊற்றினால் எண்ணெய் குறைந்து காரம் மிஞ்சும். 1 கிராம் துல்லியம் காட்டும் டிஜிட்டல் தராசு கட்டாயம். அது இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள்.

9. ஒவ்வோர் எண்ணெயும் சோப்பாக மாற எவ்வளவு காஸ்டிக் சோடா தேவை என்பதற்கு ஓர் எண் உண்டு. 1 கிராம் தேங்காயெண்ணெய்க்கு 0.183 கிராம், ஆலிவுக்கு 0.135, நல்லெண்ணெய்க்கு 0.134, ஆமணக்குக்கு 0.128. எண்ணெயின் எடையை அதன் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, வந்த தொகையில் 7 சதவீதம் கழியுங்கள். மேலே உள்ள அளவையே சரிபார்க்கலாம்: ஆலிவுக்கு 47.3, தேங்காய்க்கு 22.9, ஆமணக்குக்கு 3.2, கூட்டினால் 73.4. அதில் 7 சதவீதம் போனால் 68 சொச்சம். பின்னம் வந்தால் கீழ்நோக்கியே முழுமையாக்குங்கள். ஒரு கிராம் எண்ணெய் கூடினால் கெடுதல் இல்லை. காரம் கூடினால் தோல் எரியும்.

10. காஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ராக்சைடு. 98 சதவீதத்துக்கு மேல் தூய்மை என்று அச்சிட்ட புட்டியாக, ரசாயனப் பொருள் விற்கும் கடையில் வாங்குங்கள். சாக்கடை அடைப்பு நீக்கும் பொடியில் வேறு பொருள்களும் கலந்திருக்கும். ஆப்ப சோடா, துணி சோடா இரண்டும் இதற்கு மாற்றாகா. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு திரவச் சோப்புக்கானது, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

11. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் பட்டதும் அலுமினியம் அரித்துப் பொங்கும். எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். இண்டாலியம் வாணலியும் அப்படித்தான். எவர்சில்வர் அல்லது சூடு தாங்கும் கெட்டி பிளாஸ்டிக் நல்லது. கை பிளெண்டரின் அடிப்பகுதி எந்த உலோகம் என்பதையும் பாருங்கள். சோப்புக்கு எடுத்த பாத்திரத்தையும் கரண்டியையும் மறுபடி சமையலுக்குத் திருப்ப வேண்டாம்.

12. பாதுகாப்பு. இந்தக் குறிப்பை மட்டும் இரண்டு முறை படித்துவிடுங்கள். காஸ்டிக் சோடா தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கை உடை, மூடிய செருப்பு நான்கும் வேண்டும். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. ஜன்னலைத் திறந்துவையுங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். கரைசல் தண்ணீர் போலவே தெளிவாக இருக்கும். தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து உண்டு. டம்ளரிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

தோலில் தெறித்தால், நனைந்த உடையைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் உடனே அதேபோல் கழுவத் தொடங்கி, பிறகு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். வினிகர், எலுமிச்சைச்சாறு எதையும் ஊற்றக் கூடாது. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. காரம் போன வழியிலேயே திரும்பி வந்து தொண்டையை இன்னொரு முறை புண்ணாக்கும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள். அப்படிப்பட்ட வீடுகளுக்கான வழி 22ஆம் குறிப்பில் இருக்கிறது.

13. தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து மேலே தெறிக்கும். குளிர்ந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். அடுப்பே இல்லாமல் சூடு 80 டிகிரியைத் தாண்டும். எழும் ஆவியைச் சுவாசிக்காமல் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரோ நல்லது.

14. கரைசலும் எண்ணெயும் மிதமான சூட்டுக்கு, அதாவது 40 டிகிரி பக்கமாக வந்ததும், எண்ணெயில் கரைசலை மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். கை பிளெண்டரைச் சில விநாடி ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்திச் செய்தால் கால் மணிக்குள் பதம் வரும். மத்தால் கடைந்தால் ஆலிவ் அதிகமுள்ள கலவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கரண்டியிலிருந்து வழியவிட்டால் மேலே கோடு போட்டதுபோல் ஒரு நொடி தங்கி மறைய வேண்டும். மோர்க்குழம்பு கெட்டிப்படும் பதம். எண்ணெய் திட்டுத்திட்டாக மிதந்தால் இன்னும் கலக்க வேண்டும்.

15. அச்சுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம். பழச்சாறு வரும் அட்டைப் பெட்டியைக் கழுவிக் காயவைத்து அதில் ஊற்றலாம். மூடி, பழைய துண்டால் சுற்றி வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் கத்தி இறங்கும் அளவுக்கு இறுகும். அப்போதும் காரம் இருக்கும் என்பதால் கையுறையோடுதான் வெட்ட வேண்டும். கலவை ஒட்டிய பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டு, மறுநாள் கழுவுங்கள். அதற்குள் ஒட்டியதெல்லாம் சோப்பாகியிருக்கும். கையும் தப்பும், குழாயும் அடைக்காது.

16. வாசனையை விடுங்கள். எளிதில் சிவக்கும் சருமத்துக்கு இந்த ஒன்றே பாதி வைத்தியம். சோப்பு, கிரீம் வகைகளால் வரும் தோல் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று நறுமணப் பொருள். ‘இயற்கை எண்ணெய்தானே’ என்று லாவெண்டர், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்களைச் சேர்ப்பவர்கள் உண்டு. அவற்றில் உள்ள லினலூல், லிமோனின் ஆகியவை காற்றுப் பட்டுப் பழசாகும்போது ஒவ்வாமையைத் தூண்டும் பொருளாக மாறுகின்றன. கிராம்பு, பட்டை எண்ணெய்கள் அதைவிடக் கடுமை. குழந்தைக்கான சோப்பு மணக்க வேண்டும் என்ற ஆசை நமக்குத்தான், குழந்தைக்கு இல்லை.

17. மஞ்சள் போட்டால் மஞ்சள் நிறம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதே, அதே வேலைதான் இங்கும் நடக்கும். காரத்தில் சிவந்து, காயக்காய ஆரஞ்சு கலந்த பழுப்பாகும். துண்டிலும் கறை பிடிக்கும். நிறத்துக்காக இதைச் சேர்ப்பதில் பொருளில்லை.

18. எலுமிச்சைச்சாறு சோப்பை ‘புளிப்பாக்கி’ மென்மையாக்காது. காரத்தில் கொஞ்சத்தைத் தின்று உப்பாக மாறும், எடைக்கணக்குக் குழம்பும்.

19. உணவுப் பொருளைச் சேர்க்கும் முன் ஒரு நிகழ்வைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜப்பானில் கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்த ஒரு முகச் சோப்பு பரவலாக விற்றது. அதைப் பயன்படுத்திய 2000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை ஒவ்வாமை ஏற்பட்டது. ரொட்டியும் நூடுல்ஸும் காலமெல்லாம் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அதன் பிறகு கோதுமை சாப்பிட்டால் தடிப்பும் மூச்சுத்திணறலும் வந்தன. 2011இல் அந்தச் சோப்பு திரும்பப் பெறப்பட்டது. வாய்வழியே போனால் உடல் ஏற்றுக்கொள்ளும் புரதம், புண்ணான தோல் வழியே போகும்போது எதிரியாகப் பதிவாகிவிடக்கூடும். ஆகவே வெடிப்பும் கீறலும் உள்ள சருமத்துக்குப் பால், கடலை மாவு, கோதுமை மாவு, பாதாம், நிலக்கடலை எண்ணெய் எதுவும் சோப்பில் வேண்டாம். ஆட்டுப்பால் சோப்பைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். முழுமையான சருமம் உள்ள பெரியவர்கள் செய்துகொள்ளலாம். பாலைப் பனிக்கட்டியாக உறையவைத்து அதன்மேல் காஸ்டிக் சோடாவைத் தூவினால் தீய்ந்து போகாது. கைக்குழந்தைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

20. ஏதாவது ஒன்று சேர்த்தே ஆக வேண்டும் என்றால், சருமம் வெடிக்காமல் வறட்சி மட்டும் உள்ளவர்கள் ஓட்ஸ் அல்லது கற்றாழையை எடுத்துக்கொள்ளலாம். நைசாக அரைத்த ஓட்ஸைச் சருமப் பாதுகாப்புப் பொருளாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2003இல் ஏற்றுக்கொண்டது. மாவுச் சல்லடையில் சலித்து, மேலே சொன்ன அளவுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். குருணை இருந்தால் உரசும். ஓட்ஸும் ஒரு தானியம்தான் என்பதால் 19ஆம் குறிப்பின் எச்சரிக்கை இதற்கும் உண்டு. கற்றாழை மடலை வெட்டியதும் கத்தியும் கையுமாகச் சுரண்டாதீர்கள். செங்குத்தாக நிறுத்தி, மஞ்சள் பால் முழுதும் வடிந்த பிறகு கழுவி எடுங்கள். அரிப்பு தருவது அந்த மஞ்சள் பால்தான். கூழை அரைத்து வடிகட்டி, தண்ணீரின் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்க்கலாம்.

21. காயவிடுவது. வெட்டிய கட்டிகளை ஒன்றையொன்று தொடாமல் முறத்திலோ கம்பித் தட்டிலோ பரப்பி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் எண்ணெய் சிக்கு பிடிக்கும். குறைந்தது 4 முதல் 6 வாரம். வினை சில நாளிலேயே முடிந்துவிடும் என்றாலும், தண்ணீர் வற்ற வற்றத்தான் கட்டி இறுகும், மென்மையும் கூடும். ஆலிவ் அதிகமுள்ள சோப்பு மூன்று மாதம் கழித்து இன்னும் நன்றாக இருக்கும். முழுக்க ஆலிவில் செய்தால் ஆறு மாதம்கூடப் பொறுக்கலாம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் சோப்பு வியர்த்து நிற்கும். கிளிசரின் ஈரத்தை இழுப்பதால் வருவது அது; கெட்டுப்போனதாக எண்ண வேண்டாம். மின்விசிறிக் காற்றில் வையுங்கள். முடிந்தால் தை, மாசியில் செய்து கோடைக்குள் காயவைப்பது வசதி.

மேலே வெள்ளைச் சாம்பல்போல் படிந்தால் அது காற்றுப் பட்டு உண்டான சோடா. ஈரத்துணியால் துடைத்தால் போகும். ஆனால் உள்ளே வெள்ளைக் கட்டியோ, வெட்டும்போது கசியும் நீரோ இருந்தால் காரம் கலக்காமல் நிற்கிறது என்று பொருள். அதை உடம்புக்குப் பயன்படுத்த வேண்டாம்.

22. காஸ்டிக் சோடாவைத் தொடவே முடியாத வீடுகளுக்கு: உருக்கி ஊற்றும் ‘சோப் பேஸ்’ கடைகளில் கிடைக்கிறது. காரவினை ஏற்கெனவே முடிந்த பொருள் அது. வாங்கும்போது உட்பொருள் பட்டியலில் சோடியம் லாரில் சல்பேட் இல்லாததாகப் பாருங்கள். துண்டுகளாக்கி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, கொதிக்கவிடாமல் அச்சில் ஊற்றினால் முடிந்தது. இதில் பச்சைக் கற்றாழை, வேப்பிலைச் சாறு, வெள்ளரிச் சாறு சேர்த்தால் சில நாளில் பூஞ்சை பிடிக்கும். கடைச் சோப்பைத் துருவி, மூலிகை சேர்த்து மறுபடி உருக்குவது பலர் செய்யும் வேலை. அதிலிருந்த வாசனையும் நிறமும் அப்படியே இருக்கும். கூடுதலாக மூலிகையும் சேரும். அரிப்புக்கு அது வழியில்லை.

23. புதுச் சோப்பை முழு உடம்புக்கும் உடனே போடாதீர்கள். முன்கையின் உட்புறம் ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை நுரைத்துக் கழுவுங்கள்; ஒரு வாரம் பாருங்கள். சோப்பைத் தடவி மேலே பிளாஸ்திரி ஒட்டும் சோதனை தவறு. மூடிவைத்தால் எந்தச் சோப்பும் எவர் தோலையும் சிவக்க வைக்கும்.

24. தண்ணீர் உப்பாக இருந்தால் நல்ல சோப்பும் படியும். அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து வாளி ஓரத்தில் வெள்ளையாகத் திரிகிறதே, அது உடம்பிலும் ஒட்டும், அரிக்கும். கடைசி ஒரு சொம்பாவது மழைநீரோ வடிகட்டிய நீரோ ஊற்றிக்கொண்டால் வித்தியாசம் தெரியும்.

25. சோப்பு எவ்வளவு மென்மையானாலும் உடம்பு முழுக்கத் தேய்க்க வேண்டியதில்லை. அக்குள், தொடையிடுக்கு, பாதம் போதும். மற்ற இடங்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீரே போதுமானது. பீர்க்கங்கூடு வேண்டாம். துடைத்து ஈரம் உலர்வதற்குள் தேங்காயெண்ணெயோ மருத்துவர் சொன்ன களிம்போ தடவுங்கள். சோப்புக்குள் மென்மை தரும் ஆலிவ் எண்ணெயை வறண்ட தோலில் நேராகத் தடவுவது நல்லதில்லை. அது தோலின் மேல்தடுப்பைத் தளர்த்துவதாக ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். குளியலறையில் தண்ணீர் வடியும் தட்டில் சோப்பை வையுங்கள். ஊறினால் கரைந்தே போகும்.

26. உறவினருக்குக் கொடுக்கும்போது, செய்த தேதியையும் சேர்த்த ஒவ்வொரு பொருளையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டியோடு கொடுங்கள். யாருக்கு எது ஒவ்வாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். விற்க நினைத்தால், இந்தியாவில் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருளாகக் கணக்கிடப்படுகிறது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி உற்பத்தி உரிமம் வாங்கிய பிறகே விற்கலாம்.